படிக்க வைத்தாயா? கணக்கைக் காட்டு!

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, ஆரணி நெசவாளி ஒருவர் நமது சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். தறியிலிருந்து எழுந்து நேராக வந்திருக்கிறார். வேட்டியில் ஜரிகைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் இங்கிலீஷில் நான்கு பக்கக் கடிதம் ஒன்று.

"பையனுக்கு வந்திருக்குதுங்க தோழரே. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தோம். விஷயம் இதுதான். அவருடைய மகன் சென்னையில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் எஞ்ஜினீயர். வேலையில் சேர்ந்த சில மாதங்களில், "சி.சி.என்.ஏ. பரீட்சை எழுது; கட்டணத்தைக் கம்பெனி கட்டும்" என்றார்கள். கூடவே ஒரு முத்திரைத்தாளையும் நீட்டினார்கள். இரண்டு வருஷம் வேலையை விட்டுப் போகக்கூடாது, போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று அதில் ஷரத்து. பையன் கையெழுத்துப் போட்டான். ஓயாத இரவு ஷிப்டில் உடம்பு கெட்டு, பதினான்காம் மாதம் ராஜிநாமா கொடுத்தான். உடனே வந்தது நோட்டீஸ்: ஒன்றரை லட்சத்தை வை! வைக்காவிட்டால் விடுவிப்புக் கடிதமும் கிடையாது, பெட்டியில் வாங்கி வைத்திருக்கும் அசல் பட்டச் சான்றிதழும் கிடையாது!

கடிதத்தைப் படித்து முடித்ததும் பெரியவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பா அது? "நான் தறி மாறணும்னு போய் நின்னப்போ என் முதலாளியும் இதைத்தானுங்க சொன்னாரு. 'முன்பணத்தை வை, அப்புறம் போ'ன்னாரு. பட்டணத்துல ஏ.சி. ரூம்பு, கழுத்துல அட்டைன்னு நெனச்சேன். அங்கேயும் முன்பணம்தானா?"

ஆம் அண்ணே! அங்கேயும் முன்பணம்தான். முன்பணத்துக்கு அங்கே 'பயிற்சிச் செலவு' என்று பெயர்.

யார் இந்த எஞ்ஜினீயர்?

"ஐம்பதாயிரம் சம்பளம் வாங்குகிறவனுக்காக அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். முதலில் அவன் செய்யும் வேலை என்னவென்று பார்ப்போம்.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கப் போகிறோம். "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்கிறார்கள். வங்கியிலும் அதே பதில், ஆஸ்பத்திரிச் சீட்டுக் கொடுக்குமிடத்திலும் அதே பதில். இந்த இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகளும், செய்தி எந்தப் பாதையில் போகவேண்டுமென்று திருப்பிவிடும் ரௌட்டர், சுவிட்ச் என்ற பெட்டிகளும் ஓடினால்தான் 'சர்வர் இருக்கும்'. அவற்றை ஓடவைப்பவன்தான் நெட்வொர்க் எஞ்ஜினீயர். ரயிலுக்குப் பாயிண்ட்ஸ்மேன் எப்படியோ, இந்தக் கம்பி ராஜ்யத்துக்கு அவன் அப்படி. நடுநிசியில் ஒரு பெட்டி நின்றால் அவன் தூக்கம் போயிற்று. நெசவாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும்தான் இன்று இந்த வேலைக்குப் போகிறார்கள். கழுத்தில் அட்டை தொங்கினால் மட்டும் வர்க்கம் மாறிவிடுமா? உழைப்புச் சக்தியை விற்றுத்தானே அவனும் வயிறு வளர்க்கிறான்!

சான்றிதழால் யாருக்கு லாபம்?

சிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி இந்தப் பெட்டிகளைச் செய்து உலகெங்கும் விற்கிறது. தன் பெட்டிகளைக் கையாளத் தெரியுமா என்று அதுவே பரீட்சையும் வைக்கிறது. அதில் தொடக்கப் படிகளில் ஒன்று சி.சி.என்.ஏ. பரீட்சைக் கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25 ஆயிரத்துக்கு மேல். வாங்கிய சான்றிதழ் மூன்றே வருஷம்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பெட்டியும் அவனுடையது, பரீட்சையும் அவனுடையது, காலாவதித் தேதியும் அவனுடையது!

சரி, இங்குள்ள முதலாளி ஏன் இந்தக் கட்டணத்தைக் கட்டுகிறான்? தர்ம சிந்தையா? இல்லவே இல்லை. சிஸ்கோவின் பெட்டிகளை வாங்கி விற்று, பொருத்திப் பராமரிக்கும் கம்பெனிகளுக்கு அந்நிறுவனம் படித்தரம் வகுத்தது. 'தங்கப் பங்காளி' என்ற தரம் வேண்டுமானால், மிக உயர்ந்த பரீட்சையான சி.சி.ஐ.இ. தேறிய எஞ்ஜினீயர்கள் நால்வராவது கம்பெனியில் இருந்தாக வேண்டும் என்று பல வருஷங்கள் விதி வைத்திருந்தது. உயர்ந்த தரம் கிடைத்தால் கம்பெனிக்குப் பெட்டி சலுகை விலையில் கிடைக்கும். பெரிய வியாபாரம் கிடைக்கும். சர்க்கார் டெண்டர்களிலும் 'சான்றிதழ் பெற்ற எஞ்ஜினீயர் இத்தனை பேர்' என்று எண்ணிக் காட்டவேண்டியிருக்கிறது. எஞ்ஜினீயரின் தலையை எண்ணித்தான் முதலாளிக்கு ஆர்டர்!

இரவு ஷிப்டு முடிந்து, கண் எரிய எரியப் படித்தவன் தொழிலாளி. தன் தூக்கத்தைக் கொடுத்தவன் தொழிலாளி. அந்தச் சான்றிதழை டெண்டரில் இணைத்துக் காசாக்கியவன் முதலாளி. கடைசியில், "உனக்காகச் செலவழித்தேன், திருப்பிக் கொடு" என்கிறவனும் முதலாளி! அரிசி மில் முதலாளி மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றுகிறான். அந்த எண்ணெய்க் காசை மில் தொழிலாளியிடம் கேட்கிறானா? மோட்டாரைப் பழுது பார்ப்பது தொழிற் செலவு என்றால், மனிதனின் திறமையைப் புதுப்பிப்பது மட்டும் எப்படிக் கடன் ஆகும்?

கணக்கையும் பாருங்கள். கட்டணம் 25 ஆயிரத்துச் சொச்சம். கேட்பது ஒன்றரை லட்சம். மீதி எங்கே போயிற்று? வகுப்பு வைத்தார்களா? இல்லை. வாத்தியார் வந்தாரா? இல்லை. படிக்க லீவு கொடுத்தார்களா? ஒரு நாள்கூட இல்லை. அந்த மீதிக்கு ஒரே பெயர்தான் உண்டு: பயமுறுத்தும் தொகை.

மனிதனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஆகும் செலவு அவனுடைய உழைப்புச் சக்தியின் மதிப்பில் சேர்ந்தது என்று 1867ல் வெளியான 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் விளக்கினார். அதை வாங்குகிறவன்தான் அந்தச் செலவையும் ஏற்கவேண்டும். இன்றைய முதலாளியோ சரக்கையும் வாங்கிக்கொண்டு, அதைச் செய்த செலவையும் விற்றவன் தலையிலேயே கட்டுகிறான்.

பழைய முன்பணம், புதிய முத்திரைத்தாள்

ஆரணிக்கு இது புதிதல்ல. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கைத்திறனை வளர்க்க எந்த முதலாளி எத்தனை ரூபாய் செலவழித்தான்? சிறு வயதில் தார் சுற்றி, அம்மாவோடு பாவு பிணைத்து, அப்பனோடு குழித்தறியில் இறங்கி வருஷக் கணக்கில் கற்ற வித்தை அது. அந்தப் பயிற்சியை முதலாளி இலவசமாக எடுத்துக்கொண்டான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கொடுத்த முன்பணத்தைக் காட்டி நெசவாளியைத் தறியோடு கட்டினான். வயலில் படியாளைக் கட்டியதும் இதே கயிறுதான். அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த இருளர் மக்களை மீட்டதை நம் வட ஜில்லாக்களில் கண்டிருக்கிறோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல்!

நூற்பாலைத் தொழிலாளருக்கும் இந்தக் கதை தெரியும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. கிராமத்து ஏழைப் பெண்ணை 'பயிற்சியாளர்' என்று பெயரிட்டு விடுதியில் அடைத்தார்கள். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். நடுவில் நோயில் விழுந்து வெளியே வந்தாலோ, அந்தத் தொகை போயிற்று! அங்கே இருந்தால்தான் காசு. இங்கே போனால் அபராதம். கயிற்றின் இரண்டு முனைகள்தான் இவை.

கொத்தடிமையாகக் கிடந்த இருளரின் துயரமும் எஞ்ஜினீயரின் துயரமும் ஒரே எடை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அந்த மக்களின் கண்ணீரை அவமதிப்பதாகும். ஆனால் கட்டும் முறையைக் கவனியுங்கள். உழைப்பவன் தலையில் ஒரு கடனை ஏற்று. கடன் இருக்கும்வரை அவன் வேறு வாசலை மிதிக்காமல் பார்த்துக்கொள். கூலியை உயர்த்தாமலே அவனை நிறுத்திவை! இந்தச் சூத்திரம் களத்துமேட்டிலிருந்து கம்ப்யூட்டர் அறைவரை மாறவில்லை.

கட்டு ஒருவனுக்கு மட்டும்

இதில் இன்னொரு அக்கிரமம். பாண்டு தொழிலாளியைத்தான் கட்டுகிறது. முதலாளியை அது தொடுவதே இல்லை.

2025 பிப்ரவரியில் மைசூரில் இன்போசிஸ் கம்பெனி, பயிற்சியில் இருந்த 300க்கு மேற்பட்ட இளைஞர்களை உள் பரீட்சையில் தேறவில்லை என்று சொல்லி வெளியே அனுப்பியது. அதே வருஷம் ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியரில் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. திறமை பொருந்தவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. தொழிலாளி போனால், "உன் திறமைக்கு நான் செலவழித்தேன், கட்டு." முதலாளி அனுப்பினால், "உன் திறமை போதவில்லை, போ." இரண்டு தராசு, ஒரே வியாபாரி!

திறமை போதவில்லை என்றால் கற்றுக்கொடுக்க வேண்டியவன் யார்? அதற்கு மட்டும் பதில் இல்லை.

கோர்ட் என்ன சொன்னது?

"பாண்டு எதுவும் செல்லாது, பயப்படாதே" என்று பொய் நம்பிக்கை ஊட்ட நாம் தயாராக இல்லை. உள்ளதைச் சொல்வோம்.

விஜயா வங்கியின் அதிகாரி ஒருவர் மூன்று வருஷம் முடியும்முன் வேறு வங்கிக்குப் போனார். இரண்டு லட்சம் ரூபாய் கட்டும்படி ஆயிற்று. கர்நாடக ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. 2025 மே 14ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, வங்கியின் ஷரத்து செல்லும் என்றது. பொதுத்துறை நிறுவனம் விளம்பரம் செய்து, போட்டி நடத்தி ஆள் எடுக்கிறது. அதற்குச் செலவாகிறது என்பது கோர்ட் சொன்ன காரணங்களில் ஒன்று. வேடிக்கை என்ன தெரியுமா? தீர்ப்பு வருவதற்குள் வங்கியே இல்லை! 2019 ஏப்ரலில் விஜயா வங்கி பரோடா வங்கியோடு கலந்து மறைந்துவிட்டது. ஊழியன் மூன்று வருஷம் அசையக்கூடாது. முதலாளி மட்டும் பெயரே இல்லாமல் போகலாம்!

ஆனால் அந்தத் தீர்ப்பில் நமக்கு உதவும் பகுதியும் உண்டு. அச்சடித்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்போது இரு தரப்புக்கும் பேரம் பேசும் பலம் சமமல்ல என்பதை கோர்ட் ஒப்புக்கொண்டது. ஷரத்து பொது நியாயத்துக்கு விரோதமானதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றும் கூறியது. 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவோ, எழுதியிருக்கும் தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். ஆகவே ஒன்றரை லட்சம் என்று எழுதிவிட்டாலே ஒன்றரை லட்சம் ஆகிவிடாது. பணம் கேட்கலாமே தவிர, ஒருவனை இழுத்து வந்து வேலை செய்ய வைக்க எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது.

எனவேதான் அந்தப் பெரியவரின் மகனை, "என்ன செலவு, எந்தத் தேதியில், ரசீது எங்கே?" என்று கேட்டுப் பதில் எழுதச் சொன்னோம். கணக்கு இன்னும் வரவில்லை. இரண்டாவது நோட்டீஸும் வரவில்லை. அசல் சான்றிதழும் வரவில்லை. போராட்டம் முடியவில்லை.

"ஓடிவிடுவானே!"

முதலாளிமார் ஒரு வாதம் வைக்கிறார்கள்: "நாங்கள் செலவழித்துப் படிக்க வைப்போம், அடுத்த கம்பெனிக்காரன் இரண்டாயிரம் கூடக் கொடுத்துக் கொத்திக்கொண்டு போவான். பாண்டு இல்லாவிட்டால் யார் பயிற்சி கொடுப்பார்கள்?"

சிறு கம்பெனிகளுக்கு இந்தக் கஷ்டம் உண்மையிலேயே இருக்கலாம். அதற்கு முதல் பதில்: அந்த இரண்டாயிரத்தை நீயே கொடு! சான்றிதழ் வாங்கியதும் அவன் உழைப்பின் விலை ஏறிவிட்டது. ஏறிய விலையைக் கொடுக்க மனமில்லாதவன்தான் பூட்டைத் தேடுகிறான்.

இரண்டாவது பதில்: முதலாளிகளுக்குள் உள்ள சண்டையைத் தொழிலாளி முதுகில் ஏன் தீர்க்கிறீர்கள்? பிரான்சில் 1971ல் சட்டம் செய்தார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளப் பட்டியலில் ஒரு பங்கைத் தொழிலாளர் பயிற்சிக்கு ஒதுக்கியே தீரவேண்டும் என்றார்கள். எல்லா முதலாளியும் கொடுத்தால் யாரும் யாரையும் கொத்திக்கொண்டு போனதாக அழவேண்டியதில்லை.

ஐரோப்பிய யூனியன் 2019ல் போட்ட விதி இன்னும் தெளிவானது. சட்டப்படியோ கூட்டு ஒப்பந்தப்படியோ முதலாளி கொடுத்தாக வேண்டிய பயிற்சியைத் தொழிலாளிக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும். அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்கிறது அது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2026 ஜனவரி முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில், 'வேலையை விட்டால் பணம் கட்டு' என்ற ஷரத்துகளுக்குத் தடை வந்திருக்கிறது. அந்த வேலைக்குக் கட்டாயமில்லாத, எங்கும் செல்லுபடியாகும் படிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு. முதலாளித்துவ நாடுகளிலேயே இப்படி! நம் நாட்டு முதலாளிகள் அமெரிக்கப் பெட்டியை இறக்குமதி செய்கிறார்கள். அந்தச் சட்டத்தை மட்டும் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே என்ன நடக்கிறது? மக்கள் வரிப்பணத்தில் பயிற்சி! தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் சர்க்கார் மாணவர்களுக்குத் தொழில் திறன் கற்றுத் தருகிறது. மத்திய சர்க்கார் 2024ல் கொண்டுவந்த இன்டர்ன்ஷிப் திட்டமோ மாத உதவித்தொகை 5,000 ரூபாய் என்று அறிவித்தது. அதில் கம்பெனியின் பங்கு 500. சர்க்காரின் பங்கு 4,500! நம் பிள்ளைகள் கற்பதை வரவேற்கிறோம். ஆனால் ஊரார் செலவில் திறமை, தொழிலாளி தலையில் பாண்டு, முதலாளி பெட்டியில் லாபம் என்ற கணக்கை நாம் ஏற்க முடியாது.

நமக்கு என்ன?

மூட்டை தூக்கும் தோழரே! நாற்று நடும் சகோதரியே! உங்கள் பிள்ளை செய்யாறு சிப்காட்டுக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போகும் நாளில் 'டிரெய்னி', 'அப்ரெண்டிஸ்' என்றுதான் முதல் கடிதம் வரும். 1947ம் வருஷத் தொழிற்தகராறுச் சட்டம் அப்ரெண்டிஸையும் தொழிலாளி என்றே கணக்கில் சேர்த்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவற்றில் தொழிலுறவுத் தொகுப்பு, அப்ரெண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவரைத் 'தொழிலாளி' என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. கற்கிறவன் தொழிலாளி இல்லையாம்! மிஷின் ஓட்டும்போது கை போனால் மட்டும் அது யார் கை?

ஆகவே எஞ்ஜினீயரின் பாண்டும் அப்ரெண்டிஸின் அரைக் கூலியும் ஒரே பிரச்னை. எஞ்ஜினீயர் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. "நாங்கள் தொழிலாளிகள் அல்ல, எங்களுக்குச் சங்கம் எதற்கு?" என்று இருந்துவிடாதீர்கள். ஐ.டி. கம்பெனிகளுக்கும் தொழிலாளர் சட்டம் உண்டு, ஊழியர் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2016லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. தனியாக நின்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுகிறவன் பலவீனன். நூறு பேராக நின்று ஒப்பந்தம் பேசுகிறவனிடம் எந்த முதலாளியும் ஷரத்தைத் திணிக்க முடியாது.

நமது கோரிக்கைகள்:

1. வேலைக்குத் தேவையான பரீட்சைக் கட்டணம், புதுப்பிக்கும் கட்டணம் உட்பட முழுவதையும் முதலாளியே ஏற்கவேண்டும்.

2. படிக்கும் நேரம், பரீட்சை நாள் இரண்டும் சம்பளத்தோடு கூடிய வேலை நேரம். 1974ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சம்பளத்துடன் கல்வி விடுப்புக்கு உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஏற்கவேண்டும்.

3. சான்றிதழ் பெற்றவருக்குச் சம்பள உயர்வு. சான்றிதழ் தொழிலாளியின் சொத்து.

4. பயிற்சி பாண்டுகளைச் சட்டம் போட்டு ரத்து செய்! அதுவரை, ரசீது உள்ள செலவுக்கு மேல் ஒரு காசு கேட்காதே. மாதா மாதம் அதைக் குறைத்துக்கொண்டே வா. முதலாளியே வேலையை விட்டு நீக்கினால் கடன் ஒழிந்தது.

5. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதைக் குற்றமாக்கு!

6. எல்லா முதலாளிகளிடமும் வசூலித்துப் பொதுப் பயிற்சி நிதி ஏற்படுத்து! அதன் நிர்வாகத்தில் தொழிற்சங்கங்களுக்கு இடம் கொடு!

7. அப்ரெண்டிஸுக்குத் தொழிலாளி என்ற அந்தஸ்தும் சங்க உரிமையும் கொடு!

அன்றிரவு அந்தப் பெரியவர் கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். "பையன் ஞாயித்துக்கிழமை வரான். அவன்கூட வேலை செய்யற நாலு பசங்களையும் கூட்டியாரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

சொல்லுங்கள் அண்ணே! நாலு பேர் வரட்டும். பிறகு நாற்பது பேர் வருவார்கள். தறி முன்பணத்தை எதிர்த்து நின்ற ஆரணி, கம்ப்யூட்டர் முன்பணத்தையும் எதிர்த்து நிற்கும்!